ஒற்றைக்கால் முதல் கிளித்தட்டு வரை: 1–5 வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமநிலை, கைகால் ஒத்திசைவு, திரும்பும் லாவகம் பழக்குவது எப்படி?

#1 ஈராசிரியர் பள்ளி

வணக்கம். 1 முதல் 5 வரை சேர்த்து 34 பிள்ளைகள். ஆசிரியர் இரண்டே பேர், உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. விளையாட்டுப் பாடவேளை வாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். மைதானம் சுமார் 20 மீட்டருக்கு 12 மீட்டர். பெரும்பகுதி இறுகிய செம்மண், வேப்பமரத்தடியில் மட்டும் மணல். கையில் இருப்பவை: டென்னிஸ் பந்து 6, ஸ்கிப்பிங் கயிறு 2, பழைய பைக் டயர் 3, கோடு போட ஒரு மூட்டை சுண்ணாம்புத்தூள்.

ஓட்டப்பந்தயம், மியூசிக்கல் சேர் என்று எது வைத்தாலும் அதே ஏழெட்டுப் பேர்தான் ஆடுகிறார்கள், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வளைந்து வளைந்து ஓடச் சொன்னால் திரும்பும் இடத்தில் சறுக்கி விழுகிறார்கள். பந்து போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது, எந்த வரிசையில் போவது? புதிதாக வாங்கப் பணம் இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

#2 விசில்

டீச்சர், முதலில் அந்தச் சுண்ணாம்பு மூட்டையை ஓரமாக வைத்துவிடுங்கள். சுண்ணாம்புத்தூள் கண்ணில் பட்டால் புண்ணாக்கும், வியர்த்த காலில் ஒட்டினால் எரியும். பிள்ளைகள் விழுந்து எழுந்து அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்குவார்கள். கோலமாவு, செங்கல் பொடி, மரத்தூள் இதில் எது கிடைத்தாலும் போதும். செம்மண்ணில் கோலமாவு பளிச்சென்று தெரியும்.

இனி விழுகிற விஷயம். திரும்பத் தெரியாததால் விழுகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அவர்களுக்கு நிற்கத் தெரியாது. வேகத்தை அடக்கத் தெரியாத பிள்ளை திரும்பும்போது உடல் பழைய திசையிலேயே போகும், கால் மட்டும் புதுத் திசைக்கு வரும். அதனால் வளைந்து ஓடுவதை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் குதித்து இறங்குவது, அடுத்து ஓடி நிற்பது, அதற்குப் பிறகுதான் திரும்புவது.

குதித்து இறங்குவதை மணலில் தொடங்குங்கள். நின்ற இடத்திலேயே ஒரு சாண் உயரம் எம்பி இறங்கி, இறங்கிய நிலையிலேயே மூன்று எண்ணும்வரை சிலைபோல் நிற்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யலாம், வரிசையே தேவையில்லை. பாதம் இடுப்பளவு அகலத்தில், முன்பாதம் முதலில் பட்டு உடனே குதிகாலும் தரையில் படிய, முட்டி மடங்கி, பார்வை முன்னால். “சத்தம் கேட்காமல் இறங்கு” என்ற ஒரே சொல் போதும். முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று ஆறு வயதுக்காரனிடம் நாலு கட்டளை கொடுத்தால் எதுவும் நடக்காது. சத்தமில்லாமல் இறங்க முயன்றால் முட்டி தானாக மடங்கும்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். முட்டி விறைத்திருந்தால் ‘தொம்’ என்று கேட்கும், தலை ஆடும். இறங்கும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றை ஒன்று தொட வந்தால், “முட்டி கட்டைவிரலுக்கு நேராக இருக்கட்டும்” என்று அதை மட்டும் திருத்துங்கள். இறங்கியதும் ஒரு எட்டு முன்னால் போகிறவன் அதிக உயரம் எம்புகிறான், உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவையில் எட்டுத் தடவை நின்றால் முன்னோக்கிக் குதிப்பது, அடுத்து பக்கவாட்டில், அடுத்து கால்சுற்று திரும்பி இறங்குவது. ஒற்றைக்காலில் இறங்குவது கடைசி.

ஓடி நிற்பதற்கு 6 மீட்டர் தூரம், அதன் முடிவில் ஒரு மீட்டர் அகலத்தில் பட்டை. ஓடிவந்து அந்தப் பட்டைக்குள் நிற்க வேண்டும். ஒரே எட்டில் பிரேக் போட முயல்கிறவர்கள்தான் விழுவார்கள். கடைசி இரண்டு மூன்று எட்டுகளைச் சின்னச் சின்னதாக எடுத்து வைத்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்கக் கற்றுக்கொடுங்கள். 12 மீட்டர் அகலத்தில் பதினொன்று பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் வருவார்கள், மூன்று அலையில் எல்லோரும் முடிந்துவிடும்.

#3 மூட்டும் தசையும்

விசில் சார் சொன்ன வரிசைக்கு உடலியல் காரணம் இருக்கிறது. நாம் சாயாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், உட்செவி, பிறகு பாதத்தின் தோலும் மூட்டுகளும் தசைகளும். சின்னப் பிள்ளைகள் கண்ணைத்தான் அதிகம் நம்புவார்கள். மற்ற இரண்டையும் கலந்து பயன்படுத்தும் திறன் இந்தத் தொடக்கப்பள்ளி வயதில்தான் படிப்படியாகக் கூடுகிறது. போதாக்குறைக்கு, உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, அதனால் எடை மேலே கூடி நிற்கும். பெரியவர்களைவிடச் சீக்கிரம் தடுமாறுவது இயல்பு.

ஆகவே சமநிலைப் பயிற்சி என்பது இந்த மூன்றில் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குவது. ஒற்றைக்கால் நிலையை இப்படிக் கொண்டுபோகலாம். முதலில் சுவரில் ஒரு விரல் தொட்டபடி நிற்பது. பிறகு சுவரை விட்டு, கண்மட்டத்தில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி. பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு. பிறகு தலையை மட்டும் இடமும் வலமும் மெதுவாகத் திருப்பியபடி. இதில்தான் பாதிப் பேர் காலை ஊன்றுவார்கள், ஏனென்றால் கண்ணும் உட்செவியும் ஒரே நேரத்தில் கலைகின்றன. பிறகு மணலில். கண்ணை மூடி நிற்பது 4, 5 வகுப்புக்கு மட்டும், அதுவும் எட்டினால் பிடிக்கும் தூரத்தில் ஒரு ஜோடி நிற்க வேண்டும். உயரமான எதன்மீதும் கண்ணை மூட விடாதீர்கள்.

நேரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புக்குத் தொடக்கத்தில் 5 விநாடி, பழகியபின் 10. மூன்றாம் வகுப்புக்கு 15. ஐந்தாம் வகுப்புக்கு 20 முதல் 30. இரண்டு காலுக்கும் தனித்தனியாகக் குறியுங்கள். இடதுக்கும் வலதுக்கும் கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. ஒரு காலில் 15 விநாடி, மறுகாலில் 3 விநாடி என்று இருந்தால் கவனிக்க வேண்டும்.

ஊன்றிய காலின் பாதத்தைக் குனிந்து பாருங்கள். விரல்கள் மண்ணைக் கவ்வுவதுபோல் மடங்கியிருந்தால் கணுக்கால் இன்னும் வேலை செய்யக் கற்கவில்லை என்று பொருள். “ஐந்து விரலையும் விரித்து வை” என்றால் நிலைமை உடனே மாறும். தூக்கிய காலை ஊன்றிய காலின்மேல் அழுத்திக்கொண்டு நிற்பார்கள், அது தூணில் சாய்வதற்குச் சமம். இரண்டு காலுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

#4 நாலாம் வகுப்பு பி

சமநிலையை அளக்க ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறதே. மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 5–8 வயதுக்கு உடல் நிறைக் குறியீடு தவிர இரண்டே அளவீடுகள்: ஃபிளமிங்கோ சமநிலையும் தட்டு தட்டுதலும். ஓட்டமும் தண்டாலும் 9 வயதிலிருந்துதான். இந்த வயதில் பார்க்க வேண்டியது சமநிலையும் ஒத்திசைவும் என்பது அதிலேயே தெரிகிறது.

ஃபிளமிங்கோவுக்கு 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலமுள்ள கட்டை வேண்டும். தச்சுப் பட்டறையில் கழிவு ரீப்பர் கேட்டால் கிடைக்கும். நீளவாக்கில் ஒற்றைக்காலில் நின்று, மறுகாலைப் பின்னால் மடக்கி அதே பக்கக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம். விழும்போதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தி, ஏறியதும் தொடர வேண்டும். எத்தனை தடவை விழுந்தான் என்பதுதான் கணக்கு. முதல் 30 விநாடியில் 15 தடவைக்கு மேல் விழுந்தால் சோதனை அங்கேயே முடிகிறது.

தட்டு தட்டுதலுக்கு மேசையில் 20 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டங்கள், மையத்திலிருந்து மையம் 60 செ.மீ. இரண்டுக்கும் நடுவே ஒரு கையை வைத்துவிட்டு, மற்றக் கையால் அதைத் தாண்டித் தாண்டி இரண்டு வட்டத்தையும் மாறி மாறித் தொட வேண்டும். 25 சுற்று, அதாவது 50 தட்டு, எத்தனை விநாடி என்று பார்ப்பது. அட்டையில் வட்டம் வெட்டி ஒட்டினால் போதும். மேசை தொப்புள் உயரத்துக்கு இல்லாவிட்டால் அளவு தப்பும். குட்டிப் பிள்ளைகளுக்கு பெஞ்சைப் பயன்படுத்துங்கள்.

#5 மூட்டும் தசையும்

அளக்கலாம். ஆனால் அந்த 3 செ.மீ. கட்டையைத் தினப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பில் பலர் அதில் ஓரிரு விநாடி நிற்பதற்கே சிரமப்படுவார்கள், அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. தரையில் 10 செ.மீ. அகலக் கோடு, அடுத்து தரையில் நீளமாகப் போட்ட கயிறு, அடுத்து மண்ணில் பாதி புதைத்த டயர், கடைசியில் செங்கல். செங்கலைப் படுக்கை வசமாக, அதாவது அகன்ற முகம் மேலே தெரிய, மண்ணில் கொஞ்சம் பதித்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் உருண்டு கணுக்கால் பிசகும்.

#6 விசில்

நடைப் பயிற்சியில் ஒரு சேர்க்கை. கோட்டின்மேல் நடக்கும்போது பிள்ளைகள் காலையே பார்ப்பார்கள். கோட்டின் முடிவில் ஒரு ஆள் நின்று விரல்களைக் காட்டட்டும், நடப்பவர் எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே வரட்டும். பார்வை தானாக நிமிர்ந்துவிடும். குதிகாலோடு விரல் ஒட்டி முன்னோக்கி 10 எட்டு, பிறகு பின்னோக்கி 5 எட்டு. தலையில் நோட்டுப் புத்தகம் வைத்து நடப்பது அழகாகத்தான் இருக்கும், ஆனால் கழுத்தை விறைத்துக்கொள்வார்கள். அதைவிட உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

#7 ஈராசிரியர் பள்ளி

மிக்க நன்றி. பாண்டி ஆட்டம் இதற்கு உதவுமா? பெண்பிள்ளைகள் இடைவேளையில் தானாகவே ஆடுகிறார்கள். பையன்கள் வர மறுக்கிறார்கள்.

#8 நாலாம் வகுப்பு பி

பாண்டியைப்போல் ஒரு பயிற்சி கிடைப்பது அரிது. ஒற்றைக்கால், குறி பார்த்து எறிதல், நொண்டி நிலையிலேயே குனிந்து சில்லை எடுத்தல், எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது. அந்தக் குனிந்து எடுக்கும் நொடிதான் உச்சம். தலை கீழே போகிறது, இடுப்பு மடங்குகிறது, பார்வை தரைக்கு வருகிறது, உடலின் மொத்த எடையும் ஒரே கணுக்காலில் நிற்கிறது.

ஆனால் கட்டத்தின் அளவு பெரும்பாலும் தப்பாக இருக்கும். பெரிய பிள்ளைகள் வரைந்த கட்டம் 60 செ.மீ. வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு தூரம் நொண்டியடிக்க உடலை முன்னால் வீசுவாள், இறங்கும்போது குதிகால் தரையில் இடிக்கும், அடுத்த கட்டத்தில் இரண்டு காலும் விழும். 1, 2 வகுப்புக்கு 35 செ.மீ., 3 முதல் 5 வரை 45 செ.மீ. போதும். மூன்றடிக் குச்சியில் இரண்டு அளவையும் கோடு கீறி வைத்துக்கொண்டால் பிள்ளைகளே வரைவார்கள்.

சில்லு, உடைந்த ஓட்டிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் அளவு. விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்குங்கள். டைல்ஸ் துண்டு வேண்டாம், அறுக்கும். எறியத் தெரியாத பிள்ளை முதல் கட்டத்திலேயே அவுட் ஆகி, நொண்டியடிக்க வாய்ப்பே இல்லாமல் போகும். அதனால் தொடக்கத்தில் இரண்டையும் பிரித்துவிடுங்கள்: எறிவது ஒரு ஆட்டம், சில்லே இல்லாமல் நொண்டியடித்துப் போய்வருவது ஒரு ஆட்டம். மூன்றாம் வாரம் சேர்க்கலாம். போகும்போது வலதுகால், வரும்போது இடதுகால் என்று விதி வையுங்கள். இல்லாவிட்டால் வருஷம் முழுக்க ஒரே காலில் ஆடிவிடுவார்கள்.

பையன்களுக்கு அதையே “நொண்டி” என்று, ஒருவரை ஒருவர் துரத்தித் தொடும் ஆட்டமாகக் கொடுங்கள். இரண்டிலும் வேலை செய்வது அதே தசைகள்தான். 5 மீட்டர் சதுரத்துக்குள் ஆறு பேர், நொண்டியடிப்பவர் ஒருவர், 20 விநாடிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

#9 கெந்திக்கோடு

யாழ்ப்பாணப் பக்கம் இதைக் கெந்துவது என்போம். பாண்டிக்கு இங்கே எட்டுக்கோடு. 20 விநாடிக் கணக்கு சரி, அதற்கு மேல் ஒரே காலில் கெந்த விட வேண்டாம். களைத்த பிள்ளை முட்டியை விறைத்துக்கொண்டு கெந்தும், அப்போதுதான் கணுக்கால் மடியும். சீமெந்துத் தரையில் கெந்தும் ஆட்டங்களைக் கூடியமட்டும் தவிர்க்கவும்.

திரும்பும் லாவகத்துக்கு நான் முதலில் சொல்வது கிளித்தட்டு, எங்கள் ஊரில் தாச்சி என்றும் சொல்வார்கள். குறுக்குக் கோடுகளில் மறிப்பவர்கள் நிற்பர், நடுக்கோட்டில் ‘கிளி’ எனப்படும் மறிப்பாளர் ஓடுவார். உள்ளே வந்தவர்கள் அடிபடாமல் ஒவ்வொரு கோடாகக் கடந்து மறுகரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறிப்பவருக்குக் கோட்டை விட்டு இறங்க முடியாது, ஆகவே பக்கவாட்டு ஓட்டம்தான் அவருக்கு வழி. உள்ளே நிற்பவர் இடதுபக்கம் சாய்வதுபோல் காட்டி வலதுபக்கம் பாய்வார். ஒரே ஆட்டத்தில் இரண்டு தரப்புக்கும் வேறு வேறு வேலை.

முழு ஆட்டம் மூன்றாம் வகுப்புக்குக் கீழே விளங்காது. அவர்களுக்கு ஒரே ஒரு குறுக்குக்கோடு, 4 மீட்டர் நீளம், ஒரு மறிப்பாளர், கடப்பவர் மூவர். கோடு 3 மீட்டருக்குக் குறைந்தால் யாரும் கடக்க முடியாது, 6 மீட்டருக்கு மேல் போனால் மறிப்பவருக்குத் தொடவே கிடைக்காது. பத்து முயற்சியில் நாலைந்து அடிபட்டால் அளவு சரி. தொடுவது தோளுக்குக் கீழே, உள்ளங்கையால் மட்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அது கணக்கில்லை.

#10 நாலாம் வகுப்பு பி

இப்போது தனியார் பள்ளிகளில் ஏணிபோல் பிளாஸ்டிக் பட்டை விரித்து, கூம்பு வைத்துப் பயிற்சி தருகிறார்கள். நன்கொடையாளர் யாராவது கிடைத்தால் அந்த அஜிலிட்டி லேடர் ஒன்று வாங்கிவிடலாம் அல்லவா? பார்க்கவும் ஒழுங்காக இருக்கிறது.

#11 விசில்

வாங்க வேண்டாம் சார். ஏணிப் பயிற்சியில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒரு காலடித் தாளம். அடுத்த கால் எங்கே விழும் என்பது முன்பே தெரியும். லாவகம் என்பது தெரியாத நொடியில் பார்த்து, முடிவெடுத்து, உடலைத் திருப்புவது. எதிரே ஒரு ஆள் இல்லாமல், ஒரு சத்தமோ சைகையோ இல்லாமல் அது வராது. ஏணியில் மின்னலாக ஆடுகிற பிள்ளை துரத்திப்பிடித்தலில் முதல் ஆளாக மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

தாளத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் கோலமாவில் ஏணி வரையுங்கள். 40 செ.மீ. அகலம், கட்டத்துக்குக் கட்டம் 35 செ.மீ., எட்டுக் கட்டம். பிளாஸ்டிக் பட்டையைவிட இது பாதுகாப்பும்கூட, காலில் சிக்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அதில் நேரம் போக்க வேண்டாம்.

திரும்புவதைக் கற்றுத்தரும் முறை இது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலதுகாலை ஊன்ற வேண்டும், அதாவது வெளிப்பக்கக் கால். ஊன்றும்போது முட்டி மடங்கியிருக்க வேண்டும், உடல் திரும்பும் பக்கம் சாய வேண்டும், பார்வை உடலுக்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். விழுகிற பிள்ளைகள் உள்பக்கக் காலை ஊன்றுவார்கள், அப்போது மறுகால் குறுக்கே வந்து தட்டும். இதை நடையிலேயே காட்டுங்கள்: மூன்று எட்டு நட, வலதுகாலை ஊன்று, தள்ளு, இடப்பக்கம் போ. அடுத்து மெல்லோட்டம். முதலில் லேசான திருப்பம், அடுத்து ‘ட’ எழுத்தின் முனைபோல் செங்குத்துத் திருப்பம், கடைசியில் முழுக்கத் திரும்பி வந்த வழியே ஓடுவது. இறுகிய செம்மண்ணில் மேலே பொடிச் சரளை கிடந்தால் யாராக இருந்தாலும் சறுக்குவார்கள். திருப்பம் இருக்கும் இடங்களை மட்டுமாவது துடைப்பத்தால் கூட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பிறகு தெரியாத நொடியைச் சேருங்கள். இருவர் இருவராக, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் முதுகு காட்டி உட்காரட்டும். நீங்கள் “காகம்” என்றால் ஒரு வரிசை எழுந்து தன் பக்கக் கோட்டுக்கு ஓட வேண்டும், மற்றது திரும்பித் துரத்த வேண்டும். “காடை” என்றால் எதிர்மாறு. கோடு 6 மீட்டரில், அதைத் தாண்டி 3 மீட்டர் வெற்றிடம். சுவரையோ மரத்தையோ முடிவுக்கோடாக வைக்காதீர்கள். ஆடுகிற எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

#12 கும்மிக்கால்

எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். கையும் காலும் சேர்ந்து இயங்கும் தாளத்துக்குக் கும்மியை மறக்க வேண்டாம். வட்டமாக நின்று, எட்டு எண்ணிக்கை. ஒன்றில் வலதுகால் வட்டத்தின் உள்ளே, இரண்டில் குனிந்து முட்டியளவில் கைதட்டல், மூன்றில் கால் பின்னே, நான்கில் நிமிர்ந்து நெஞ்சளவில் தட்டல். ஐந்து முதல் எட்டு வரை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இரண்டு தட்டல். காலை மட்டும் ஒரு நாள், கையை மட்டும் ஒரு நாள், மூன்றாம் நாள் சேர்த்து. முதல் நாளே இரண்டையும் கொடுத்தால் கை நின்றுவிடும் அல்லது கால் நின்றுவிடும். அது பிள்ளையின் மந்தம் அல்ல, ஒன்று தானாக வரும் அளவுக்குப் பழகாதவரை மூளை இரண்டையும் ஒருசேரக் கவனிக்காது. வேகத்தை நீங்கள் வாயால் எண்ணுங்கள். பாட்டைப் போனில் போட்டால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதி வட்டம் கலையும்.

கோலாட்டம் 3ஆம் வகுப்பிலிருந்து. குச்சி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கட்டைவிரல் பருமனில், சிராய் இல்லாமல் தேய்த்தது. நுனியைப் பிடித்தால் குச்சி கையில் சுழன்று விரலில் அடி விழும். அடியிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். அடிக்கும் உயரம் தோளுக்குக் கீழே, முகத்துக்கு நேரே ஒருபோதும் வேண்டாம். வலதுகுச்சி எதிராளின் வலதுகுச்சியை அடிக்கும்போது கை உடலின் நடுக்கோட்டைக் கடக்கிறது. அப்படிக் கடக்கும் அசைவுதான் பல பிள்ளைகளுக்குத் தடை. கையைக் கடக்க விடாமல் உடம்பையே திருப்புவார்கள். “தொப்புள் என்னைப் பார்க்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

#13 மூட்டும் தசையும்

பந்தைக் கண்டால் முகத்தைத் திருப்புவது பயத்தால். டென்னிஸ் பந்து அதற்கு மிகச் சிறியது, மிக வேகமானது. பழைய சாக்ஸுக்குள் துணி திணித்துத் தைத்த, பெரிய சாத்துக்குடி அளவுள்ள துணிப்பந்து செய்யுங்கள். அது குதிக்காது, வலிக்காது, கையில் பட்டால் அங்கேயே தங்கும். இருவருக்கு ஒன்று வீதம் 17 பந்து வேண்டும்.

படி இப்படி. உட்கார்ந்து தரையில் உருட்டிப் பிடிப்பது. பிறகு நின்று, தானே கண்மட்டம் வரை எறிந்து தானே பிடிப்பது. இதில் பந்து எப்போது வரும் என்று பிள்ளைக்கே தெரியும், பயம் போய்விடும். அடுத்து தரையில் ஒருமுறை குதிக்கவிட்டுப் பிடிப்பது, இதற்கு உங்கள் டென்னிஸ் பந்து. அதன்பிறகு 2 மீட்டரில் கீழ்க்கையால் எறிவது. எறிபவர் சரியாக எறியாவிட்டால் பிடிப்பவர் கற்க முடியாது, ஆகவே முதல் வாரம் 5ஆம் வகுப்புப் பிள்ளை எறிய, 1ஆம் வகுப்புப் பிள்ளை பிடிக்கட்டும்.

கையைப் பாருங்கள். பந்து வரும்முன்பே கை நேராக நீட்டி விறைத்திருக்கும், பந்து பட்டதும் தெறிக்கும். முழங்கையை மடக்கி, இடுப்பளவுப் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர்ந்தும், நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர்ந்தும் இருக்க வேண்டும். பட்டவுடன் கையை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும், பச்சை முட்டையை வாங்குவதுபோல. பந்தில் கறுப்பு மையால் ஒரு எழுத்து எழுதி, “என்ன எழுத்து என்று சொல்லிப் பிடி” என்றால் கண் கடைசிவரை பந்தில் இருக்கும்.

டயர் மூன்றையும் வீணாக்காதீர்கள். குச்சியால் தட்டி டயர் ஓட்டுவது ஓட்டம், கைவேகம், திசை மூன்றையும் ஒருசேரக் கேட்கும் வேலை. 10 மீட்டர் நேராக, பிறகு மரத்தைச் சுற்றி.

#14 ஈராசிரியர் பள்ளி

இவ்வளவையும் 40 நிமிடத்தில் எப்படி அடக்குவது? 1ஆம் வகுப்பும் 5ஆம் வகுப்பும் ஒன்றாக இருந்தால் பெரியவர்கள் இடித்துத் தள்ளிவிடுவார்களே?

#15 விசில்

அடக்க வேண்டாம், பிரியுங்கள். முதல் 6 நிமிடம் எல்லோருக்கும் பொது: நடை, குதிகால் நடை, முன்பாத நடை, நண்டு நடை, விசில் அடித்தால் சிலை. அடுத்த 10 நிமிடம் சமநிலை. களைக்குமுன் செய்துவிட வேண்டும், களைத்த கால் எதையும் கற்காது. அடுத்த 12 நிமிடம் கைவேலை: பந்து ஒரு நாள், கும்மி அல்லது டயர் மறுநாள். கடைசி 10 நிமிடம் துரத்தும் ஆட்டம். மீதி தண்ணீருக்கு. துரத்தலை முதலில் வைத்தால் அதற்குப் பிறகு யாரையும் ஒற்றைக்காலில் நிறுத்த முடியாது.

1, 2 வகுப்பு மணல் பக்கம் ஒரு ஆசிரியரோடு, 3–5 செம்மண் பக்கம். துரத்தும் ஆட்டத்தில் ஒருபோதும் கலக்காதீர்கள், எடை வித்தியாசம் ஆபத்து. பந்து, கும்மி, கோட்டு நடை ஆகியவற்றில் தாராளமாகக் கலக்கலாம்.

வாரம் 80 நிமிடம் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் 5–17 வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் கேட்கிறது. அதை முழுக்கப் பள்ளியால் தர முடியாவிட்டாலும், காலை வழிபாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம் வலதுகால், ஒரு நிமிடம் இடதுகால் என்று விட்டுவிட்டு நிற்கவைத்தாலே சமநிலை ஏறும். வாரத்தில் ஒருநாள் நீளமாகச் செய்வதைவிடத் தினம் கொஞ்சம் நல்லது.

#16 கெந்திக்கோடு

ஒரு விஷயத்தில் எல்லோரும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவுட் ஆனவர் வெளியே போய் உட்காரும் விதியை இந்த வயதில் எடுத்துவிடுங்கள். முதலில் வெளியேறுவது எப்போதும் அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான். 10 நிமிட ஆட்டத்தில் அவள் ஆடியது ஒரு நிமிடம், நன்றாக ஆடுகிறவள் பத்து நிமிடமும். வருஷக் கடைசியில் இருவருக்கும் இடையே தூரம் கூடத்தானே செய்யும்?

அடிபட்டவர் ஓரத்தில் வரைந்த எட்டுக்கோட்டில் ஒருமுறை போய்வந்து மீண்டும் ஆட்டத்துக்குள் வரட்டும். அல்லது அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறட்டும்.

#17 நாலாம் வகுப்பு பி

அதில் முழு உடன்பாடு இல்லை. அவுட் இல்லை என்றால் 4, 5 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் சுவை போய்விடும், வேண்டுமென்றே அடிபடுவார்கள். கோகோ, கபடி ஆடப் போகிறவர்களுக்கு வெளியேறும் விதி தெரிய வேண்டும்.

#18 கெந்திக்கோடு

தெரியட்டும். கபடியிலேயே எதிரணி ஒருவர் அவுட் ஆனால் நம்மவர் ஒருவர் உள்ளே வருகிறாரே, அந்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 4, 5 வகுப்புக்கு அது பொருந்தும். 1 முதல் 3 வரை வெளியேற்றமே வேண்டாம்.

#19 நாலாம் வகுப்பு பி

அந்த ஏற்பாடு சரி. ஒப்புக்கொள்கிறேன்.

#20 மூட்டும் தசையும்

பயிற்சியால் சரியாகாத சிலதைப் பார்த்தவுடன் அடையாளம் காண வேண்டும். தரையிலிருந்து எழும்போது கையை முட்டியிலும் பிறகு தொடையிலும் ஊன்றி, தன் உடம்பின்மேலேயே ஏறுவதுபோல் எழும் பிள்ளை. கெண்டைக்கால் பருத்திருந்தும் படி ஏற முடியாத பிள்ளை. எப்போதும் முன்பாதத்திலேயே நடப்பவர். ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துபவர். முன்பு செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாமல் போனவர். இவர்களில் யாருக்கும் குதிக்கும் பயிற்சியைக் கூட்டாதீர்கள். முதலில் சொன்ன எழும் முறை தசைச் சிதைவு நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதில் மிகையான குதிப்பு தசையைக் கெடுக்கும். பெற்றோரிடம் தனியாகச் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாக இயன்முறை மருத்துவரிடமும், குழந்தை மருத்துவரிடமும் காட்டச் செய்யுங்கள்.

பந்தைத் தொடர்ந்து தவறவிடும் பிள்ளை, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாளா என்றும் கவனியுங்கள். பல நேரம் தேவைப்படுவது கண்ணாடி மட்டுமே.

காலணி பற்றி யாரும் சொல்லவில்லை. ஹவாய் செருப்போடு ஓடவோ குதிக்கவோ விடவே கூடாது. மணலில் வெறுங்கால் மிக நல்லது, பாதம் உணர்வதைக் கற்கும். ஆனால் ஆடுவதற்கு முன் நான்கு பெரிய பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டு நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு பொறுக்கச் செய்யுங்கள். புறங்கையை ஐந்து விநாடி மண்ணில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாத சூடு என்றால் வெறுங்கால் வேண்டாம். மதிய உணவு முடிந்து ஒரு மணி நேரமாவது போகட்டும்.

#21 ஈராசிரியர் பள்ளி

வரும் திங்கள் துணிப்பந்தும் குதித்து இறங்குவதும் மட்டும் தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று: மழை நாளில் வகுப்பறைக்குள் எதைச் செய்யலாம்? அறை 6 மீட்டருக்கு 6 மீட்டர், பெஞ்சுகளை ஓரம் தள்ளலாம்.

#22 கும்மிக்கால்

தட்டு தட்டுதல், ஒற்றைக்கால் நிலைகள், எதிரெதிரே நின்று கைதட்டும் ஆட்டம், கல்லாங்காய். கல்லாங்காயில் ஒரு கல்லை எறிந்துவிட்டுத் தரையில் கிடப்பதை அள்ளி மேலே போனதைப் பிடிப்பது, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய நல்ல ஆட்டம். எறியும் உயரம் நெற்றிவரை இருந்தால் அள்ள நேரம் கிடைக்கும். சின்னக் கைகளுக்குக் கல் வேண்டாம், புளியங்கொட்டையும் வேண்டாம், அது வழுக்கும். சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் துணி முடிச்சு கட்டிக் கொடுங்கள். இடதுகைக்காரப் பிள்ளையை இடதுகையாலேயே ஆட விடுங்கள்.

#23 விசில்

அறைக்குள் ஓட்டமும் நொண்டியும் வேண்டாம், ஈரக்காலோடு வழுக்கும். வாசலில் ஒரு சாக்கைப் போட்டு, எல்லோரும் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வரட்டும். திங்கட்கிழமை வகுப்புக்கு முன் மணலைக் கிளறி, ஒரு முழ ஆழம் பார்த்துவிடுங்கள். வேப்பமரத்தடி மணலில் வேர் புடைத்திருக்கும். வேர் தென்படும் இடத்தைச் சுற்றி கோலமாவால் வட்டம் போட்டு, அங்கே குதிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.